தேரிக்காட்டில் ஒரு விக்டோரியா காலத்துக் கோயில்: இடையன்குடியின் 33 ஆண்டுகள்

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இங்கிலாந்துக் கிராமத்துச் சர்ச் மாதிரி ஒரு கட்டடத்தைப் பார்த்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. குளிரும் புல்வெளியும் இருக்கிற இடத்துக்கு அது பொருந்திப்போகிறது. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், திசையன்விளைக்குப் பக்கத்தில், செம்மணல் தேரியும் பனைமரமும் வெயிலும் மட்டுமே இருக்கிற நிலத்தில் அதே மாதிரி ஒன்றைப் பார்க்கும்போது கேள்வி வருகிறது. இது எப்படி இங்கே வந்தது? யார் கட்டினார்கள்?

இடையன்குடி பரிசுத்த திரித்துவ ஆலயத்தைப் பற்றிக் கேட்டால் உடனே கிடைக்கிற பதில் ‘கால்டுவெல் கட்டியது’. ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எழுதிய அதே ராபர்ட் கால்டுவெல்தான். பதில் தப்பில்லை. ஆனால் ‘கட்டியது’ என்ற சொல்லுக்குள் நிறைய பேர் ஒளிந்திருக்கிறார்கள். 1847-ல் அஸ்திவாரம் போட்டு, 1880 ஜூலை 6-ல் பிரதிஷ்டை செய்த கட்டடம் இது. முழுசாக 33 வருஷம். அஸ்திவாரம் போட்ட அன்று பிறந்த பிள்ளை, பிரதிஷ்டை அன்றைக்குத் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும். இவ்வளவு காலம் எடுத்துக் கட்டிய ஒன்றை ஒரே ஒரு ஆளின் கணக்கில் எழுதிவிட முடியுமா? அந்த ஒரு சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

‘பழைய’ கோயில் என்பதே புதிய யோசனை

முதலில் இங்கிலாந்துக்குப் போய்விட்டு வருவோம். விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837. அப்போது இங்கிலாந்தில் வேகமாகத் தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டிருந்தன, புகை பிடித்த நகரங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்து மனம் நொந்த ஒரு கூட்டம், ‘நம் முன்னோர்கள் நல்ல கிறிஸ்தவர்களாக வாழ்ந்த காலம் இடைக்காலம்தான், அந்தக் காலத்துக் கோயில்தான் உண்மையான கோயில்’ என்று பேச ஆரம்பித்தது. கட்டடக் கலைஞர் பூஜின் அதில் முக்கியமான ஆள். கூர்வளைவு, உயரமான ஜன்னல், ஊசிக்கோபுரம் கொண்ட கோதிக் பாணிதான் கிறிஸ்தவப் பாணி என்று வாதாடினார். கிரேக்க ரோமானியத் தூண்களும் முக்கோண முகப்பும் அவருக்குப் பிறசமயக் கோயிலின் வேஷம்.

1839-ல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சிலர் சேர்ந்து கேம்டன் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கோயில் எப்படி இருக்கணும், திருப்பீடம் எங்கே, ஜன்னல் எப்படி என்று சட்டம் போடாத குறையாகச் சொல்லித் தந்தார்கள். 1841 முதல் இதற்கென்றே ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். லாங்ஸ்டாண்டன் என்ற சின்ன ஊரில் இருந்த 13-ஆம் நூற்றாண்டுக் கோயில் ஒன்றை அளந்து வரைந்த படங்களைக் கடல் தாண்டி அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்கு அனுப்ப, 1840-களில் அங்கே அதே கோயில் மறுபடி எழும்பியது. அந்த நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான கிராமக் கோயில்கள் புதிதாகக் கட்டப்பட்டன, அல்லது ‘பழைய மாதிரிக்கு’ இடித்துத் திருத்தப்பட்டன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. காலங்காலமாக அப்படியே இருப்பதாக நாம் நினைக்கிற ‘இங்கிலீஷ் கிராமத்துச் சர்ச்’ என்ற பிம்பத்தில் பாதி, 1840-க்குப் பிறகு தயாரானது. இடையன்குடியில் அஸ்திவாரம் போட்ட அதே 1847-ல்தான் பம்பாய் கொலாபாவில் ஆப்கன் சர்ச்சுக்கும் அஸ்திவாரம் போட்டார்கள். இந்தியாவில் இந்தப் புது இலக்கணப்படி எழும்பிய முதல் கோயில்களில் ஒன்று என்று கட்டடக்கலை வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. அது ராணுவமும் அரசும் பின்னால் நிற்க, பெரிய துறைமுக நகரத்தில் எழுந்த கட்டடம். இடையன்குடியோ பனையேறிகளின் ஊர். ஆகவே, லண்டனில் பழசாகிப்போன ஒன்று தாமதமாக நம் ஊருக்கு வந்தது என்று நினைக்க வேண்டாம். அங்கே சூடாகப் பேசிக்கொண்டிருந்த நேரத்திலேயே இங்கேயும் மண் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அதற்கு முன் இங்கே என்ன இருந்தது

ஆங்கிலேயர்கள் சென்னையில் கட்டிய பழைய கோயில்களைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680-ஆம் வருஷத்தது. குண்டு விழுந்தாலும் தாங்குகிற மாதிரிக் கனமான கூரை. அப்புறம் 1810-களில் எழுந்த புனித ஜார்ஜ் பேராலயம், 1821-ல் திறந்த எழும்பூர் ஆண்ட்ரூஸ் கிர்க், இரண்டுக்கும் முன்மாதிரி லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் கட்டிய புனித மார்ட்டின் ஆலயம். முன்னால் ரோமானியத் தூண் வரிசை, அதன் தலைக்கு மேலே ஊசிக்கோபுரம். பூஜின் திட்டிய அதே ‘பிறசமய வேஷம்’தான்.

தெற்கே பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826-ல் திறந்த பெரிய கோயில் இருக்கிறது. ‘ஊசிக்கோபுரம்’ என்று சொன்னால் பாளையங்கோட்டை ஆட்டோக்காரருக்கு வேறு விலாசம் வேண்டாம்.

நம் மதுரைப் பக்கம் கதை வேறு. திருநகரிலிருந்து நகரத்துக்குப் போகிற வழியில் இருக்கிற பசுமலையில் 1845 முதல் அமெரிக்க மிஷனின் செமினரி நடந்தது. அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் காங்கிரகேஷனல் சபையைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு ஆராதனையின் நடு அச்சு பிரசங்கம். எல்லாரும் உட்கார்ந்து வசனம் கேட்க நல்ல கூடம் போதும். திருப்பீடத்துக்கென்று தனி அறை, அதற்குப் படிகள், அதை நோக்கி இழுத்துப்போகும் நீண்ட நடுக்கூடம், இதெல்லாம் அவர்களுக்குத் தேவையே இல்லை. ஆக, கோயிலின் வடிவம் வெறும் ரசனை விஷயம் கிடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்து வெளிச்சுவர் மாறுகிறது.

ஓவியம் படித்த பையன்

இந்த மாற்றம் கால்டுவெல்லின் வாழ்க்கையிலேயே நடந்திருக்கிறது. 1814-ல் அயர்லாந்தின் வடபகுதியில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். விடலைப் பருவத்தில் டப்ளினில் அண்ணன் வீட்டில் தங்கி ஓவியம் படித்தார். ஓவியராகவே ஆகியிருக்க வேண்டியவர், மனசு சமயத்தின் பக்கம் திரும்ப, லண்டன் மிஷன் சங்கத்தில் சேர்ந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தார். 1838 ஜனவரியில் சென்னையில் இறங்கினார். விக்டோரியா பட்டத்துக்கு வந்து ஏழு மாதம்கூட முடியவில்லை.

லண்டன் மிஷன் சங்கமும் பசுமலைக்காரர்கள் மாதிரிதான், எளிய கூடம் போதும் என்கிற மரபு. சென்னையில் இருந்த மூன்று வருஷத்தில் கால்டுவெல் அதைவிட்டு ஆங்கிலிகன் சபைக்கு மாறினார், எஸ்.பி.ஜி. என்ற நற்செய்திப் பரப்பும் சங்கத்தில் சேர்ந்தார். 1841-ல் சென்னையிலிருந்து கால்நடையாகவே தெற்கே கிளம்பினார். வழியில் ஊட்டியில் குருப்பட்டம். அப்புறம் மதுரை, அங்கிருந்து திருநெல்வேலிச் சீமை. மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாகத் தெற்கே இறங்கும் பழைய பாதை இன்றைய திருநகர் ஓரமாகத்தான் போகிறது. அந்த வெள்ளைக்கார இளைஞரும் இந்த வழியாகவே நடந்து போயிருக்க வேண்டும். அந்த வருஷக் கடைசியில் இடையன்குடி போய்ச் சேர்ந்தார். வயது 27.

எளிய கூடத்தை விட்டுவிட்டு வந்த ஒருவர், ஓவியம் படித்த கண், இங்கிலாந்தில் கோதிக் பேச்சு உச்சத்தில் இருக்கும் நேரம். இந்த மூன்றும் சேர்ந்தால் அவர் எந்த மாதிரிக் கோயிலுக்கு ஆசைப்பட்டிருப்பார் என்று யோசிக்கத் தேவையே இல்லை.

முதலில் ஊர், அப்புறம்தான் கோயில்

அவர் போனபோது இடையன்குடி என்பது வரிசை இல்லாமல் அங்கங்கே சிதறிக் கிடந்த குடிசைகள். கால்டுவெல் நிலத்தை வாங்கி, நேரான தெருக்கள் போட்டு, கிணறு வெட்டி, மரம் வைத்து ஊரையே புதிதாக வகுத்தார்.

இது அவர் கண்டுபிடித்த முறை இல்லை. திருநெல்வேலியில் கிறிஸ்தவர்களானவர்கள் சொந்த ஊரில் தொந்தரவுக்கு ஆளானபோது, தனியாக நிலம் வாங்கிக் குடியேறுவது ஏற்கெனவே வழக்கமாகியிருந்தது. 1799-ல் சுந்தரானந்தம் தாவீது என்ற தமிழ் உபதேசியார் முன்னின்று உண்டாக்கிய முதலூர் இந்த வரிசையில் முதல் ஊர், பெயரிலேயே அது இருக்கிறது. ரேனியஸ் 1830-ல் இதற்காகவே ஒரு தரும சங்கம் அமைத்தார். மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் என்று இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே அந்த நூற்றாண்டின் வரைபடம் வந்துவிடும்.

இங்கிலாந்துக் கிராமத்தில் ஊர் முதலில் இருந்தது, கோயில் ஊருக்கு நடுவில் பல நூறு வருஷமாக நின்றது. இங்கே ஊரும் கோயிலும் ஒரே தலைமுறையில், ஒரே கயிற்றைப் பிடித்து அளந்து உண்டானவை. அதனால் இடையன்குடிக் கோயிலை மட்டும் தனியே பெயர்த்தெடுத்து ‘அழகான கோதிக் கட்டடம்’ என்று பாராட்டினால் பாதிதான் பார்த்த மாதிரி. தெரு, கிணறு, பள்ளிக்கூடம், கோயில், எல்லாம் சேர்ந்து ஒரே வேலை.

அந்த வேலையில் அவர் மனைவி எலைசாவின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. நாகர்கோவிலில் இருந்த லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மகள். இங்கேயே வளர்ந்தவர் என்பதால் பேச்சுத்தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி நடத்தினார், லேஸ் பின்னும் வேலையைச் சொல்லிக்கொடுத்தார். நாகர்கோவிலில் அந்தக் கைத்தொழிலைத் தொடங்கி வைத்தவர் அவருடைய அம்மா.

ஏன் 33 வருஷம்?

மலைக்க வைக்கிற கேள்வி இதுதான். தஞ்சைப் பெரிய கோயிலையே ராஜராஜன் ஏழெட்டு வருஷத்தில் முடித்தான் என்கிறார்கள். ஒரு கிராமத்துச் சர்ச்சுக்கு 33 வருஷமா?

முதல் காரணம் பணம். எஸ்.பி.ஜி. சங்கத்திடமிருந்தும் இங்கிலாந்து நண்பர்களிடமிருந்தும் வருவது மொத்தமாக வராது, கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஊர்க்காரர்கள் கொடுப்பதோ பனையை நம்பியது. பனையேறி ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது மரம் ஏறி இறங்குவார். அதுவும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பதனீர் வருவது வருஷத்தில் பாதி நாள்தான். கருப்பட்டி விற்றுக் கையில் காசு புழங்கும் மாதங்கள் போனால், மிச்ச நாளெல்லாம் கடன்தான். அந்த வருமானத்திலிருந்து காணிக்கை வந்து அதில் சுவர் எழும்பணும் என்றால், சுவரும் பனையின் பருவத்தைப் பார்த்துத்தான் எழும்பும்.

இரண்டாவது, பொறுப்பாளரே ஊரில் இல்லாத வருஷங்கள். உடம்பு சரியில்லாமல் 1854-ல் கால்டுவெல் பிரிட்டனுக்குப் போனார். அங்கே இருந்தபோதுதான் 1856-ல் ‘ஒப்பிலக்கணம்’ வெளியானது. 1870-களிலும் ஒரு முறை போய் 1875-ல் அதன் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். 1877 மார்ச்சில் கல்கத்தாவில் உதவிப் பேராயராக அபிஷேகம். அதற்கு முந்தின வருஷம் தொடங்கியதுதான் தாது வருஷப் பஞ்சம், கஞ்சித்தொட்டி திறந்த காலம். வயிற்றுக்கு இல்லாதபோது கோபுரத்துக்கு யார் கல் சுமப்பார்கள்?

வருஷங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. தமிழ்நாட்டின் அரசியலையே புரட்டிப்போட்ட ஓர் இலக்கண நூலின் இரண்டு பதிப்புகளும் இந்தக் கட்டடம் முடிவதற்கு முன்னே வந்துவிட்டன. உலகம் முழுக்கத் தெரிந்த அறிஞராக அவர் ஆகிவிட்டார், ஊர்க்கோயிலுக்கு மட்டும் இன்னும் வேலை பாக்கி. தாமதம் என்று இதைச் சொல்லலாம். விடாப்பிடி என்றும் சொல்லலாம்.

மூன்றாவது காரணம் கைவேலை. அதற்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும்.

களிமண் மாதிரியும் நம் கொத்தனாரும்

நம் கல்தச்சர்களுக்குத் தெரிந்தது தூண், அதன்மேல் போதிகை, அதன்மேல் உத்தரம். பாரம் நேராகக் கீழே இறங்கும். கல்லைக் கல்மேல் வைத்தால் அது தன் கனத்திலேயே நிற்கும். கோதிக்கின் கூர்வளைவு அப்படி இல்லை. அது பாரத்தைப் பக்கவாட்டிலும் தள்ளும். அதனால் வெளிப்பக்கம் சுவரோடு சேர்த்துத் தடித்த உதைசுவர்கள் வேண்டும். அந்த உதைசுவர்கள் பாரத்தை வாங்கிக்கொள்வதால்தான் இடைப்பட்ட சுவரில் உயரமான ஜன்னல்களைத் தைரியமாகத் திறக்க முடிகிறது. வளைவு கட்டும்போது அடியில் மரச்சட்டம் கொடுத்துத் தாங்கி, உச்சிக்கல்லை வைத்து இறுகின பிறகே சட்டத்தை எடுக்கணும். ஒரு கல் பிசகினாலும் மொத்தமும் வரும்.

இதை வரைபடத்தில் காட்டினால் புரியாது. ஆகவே, கால்டுவெல் களிமண்ணில் மாதிரி செய்து காட்ட, அதைப் பார்த்துக் கல்தச்சர்கள் கல்லில் செதுக்கினார்கள் என்பது அந்தப் பக்கம் வழிவழியாகச் சொல்லிவருகிற செய்தி. டப்ளினில் ஓவியம் படித்த கை தேரிக்காட்டில் களிமண் பிசைந்தது என்பது நம்ப முடியாத விஷயமில்லை. ஆனால் இந்தச் செய்தியைச் சொல்லும்போது எல்லாரும் களிமண் பிசைந்த கையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் களிமண்ணைப் பார்த்துக் கல்லில் கொண்டுவந்த கை. தன் வாழ்நாளில் ஒரு கோதிக் கட்டடத்தின் உள்ளே நின்று அண்ணாந்து பார்க்க வாய்ப்பே இல்லாத ஒரு கல்தச்சர், ஈர மண்ணில் கண்ட ஒரு வளைவைக் கல்லாக்கிவிட்டார். இது நகலெடுக்கிற வேலை இல்லை, மொழிபெயர்ப்பு. ஒப்பிலக்கணக்காரர் ஊரில் நடந்த இன்னொரு மொழிபெயர்ப்பு!

கூர்வளைவு தமிழ்நாட்டுக்கு முன்பின் தெரியாத ஒன்று என்றும் நினைக்க வேண்டாம். மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தால், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய பிரம்மாண்டமான கூர்வளைவுகள் வரிசையாக நிற்கும். கல்தச்சர் மரபில் வளைவு இல்லாமல் இருக்கலாம், கொத்தனார் மரபில் இருந்தது. இடையன்குடியில் வேலை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு சிதைந்துகிடந்த மகாலைச் செப்பனிட உத்தரவு போட்டார். மேற்கத்தியக் கண்ணுக்கு அந்த வளைவுகள் கோதிக்கை ஞாபகப்படுத்தின. நம் கண்ணுக்குக் கோதிக் வளைவைப் பார்த்தால் மகால் ஞாபகம் வந்தால் அதிலும் தப்பில்லை.

தேரியின் அடையாளக் கம்பம்: மெஞ்ஞானபுரம்

இடையன்குடியை மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் நியாயமில்லை. திருச்செந்தூர்ப் பக்கம் தேரியிலேயே மெஞ்ஞானபுரம் இருக்கிறது. அங்கே சி.எம்.எஸ். சங்கத்தின் ஜான் தாமஸ். வேல்ஸ் நாட்டுக்காரர், சட்டம் சார்ந்த வேலையில் இருந்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். மணலில் கிணறு தோண்டி, தோப்பு வைத்து, அவரும் ஊரை உண்டாக்கியே கோயிலைக் கட்டினார். 1847-ல் புனித பவுல் ஆலயத்தைத் திறந்துவிட்டார்கள், கோபுரம் முழுசாக எழும்ப 1860-கள் வரை ஆனது. உயரம் 192 அடி என்பது கணக்கு. மதுரை மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தட்டையான மணல்காட்டில் 192 அடி என்றால் அது வெறும் அலங்காரம் இல்லை. மரத்து உச்சியில் இருக்கும் பனையேறிக்கு எட்டின தூரத்தில் கண்ணில் படுகிற ஒரே கட்டடம் அதுதான். மணி அடித்தால் காற்றில் எவ்வளவு தூரமும் போகும். இங்கிலாந்துக் கிராமத்தில் ஊசிக்கோபுரம் என்ன வேலை செய்ததோ, அதே வேலையை இங்கே பனைகளுக்கு மேலே நின்று செய்தது. ஜான் தாமஸ் 1870-ல் அங்கேயே காலமானார், அந்த மண்ணிலேயே அடக்கம்.

வாசல் என்ற விஷயம்

இதுவரை கல், சுண்ணாம்பு, காசு பற்றிப் பேசினோம். இந்தக் கட்டடங்கள் அந்த ஜனங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இன்னும் வரவில்லை.

பனையேறும் நாடார்களுக்கு அன்றைக்குப் பெரிய கோயில்களுக்குள் அனுமதி கிடையாது. கோபுரத்தை வெளியில் நின்று பார்த்துக் கும்பிட வேண்டியதுதான். இது ஏதோ பழங்கதை இல்லை. இடையன்குடிக் கோயில் திறந்து 17 வருஷம் கழித்து, 1897-ல், கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள் என்று வழக்கானது. மதுரை நீதிமன்றத்தில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் போய், கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறி, 1908-ல் அங்கேயும் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8-ல். கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட வகுப்பு நண்பர்களோடு ஒரு நாடாரும் அன்று உள்ளே போனார்.

அப்படிப்பட்ட ஒரு காலத்தில் மெஞ்ஞானபுரத்திலும் இடையன்குடியிலும் இருந்தவர்களுக்கு ஒரு பெரிய கட்டடம் கிடைத்தது. தங்கள் காணிக்கையும் சேர்ந்து எழுந்த கட்டடம். வாசல் வழியாக நேரே உள்ளே நடந்து போகலாம். ‘அந்தக் கோபுரம் எங்களுது’ என்று சொல்லிக்கொள்ளலாம். கூர்வளைவு ஐரோப்பியப் பாணியா, நம்ம ஊர்ப் பாணியா என்பது அந்த வாசலுக்குள் முதல்முறை நுழைந்தவருக்கு இரண்டாம்பட்சம்தான்.

அதற்காக, உள்ளே போனதும் சாதி கரைந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். சபைகளுக்குள் சாதிப் பிரிவினை கூடாது என்று 1833-லேயே பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதற்குப் பலத்த எதிர்ப்பு. யாருக்கு வாசல் திறக்கிறது, திறந்த பிறகு யார் எங்கே உட்காருகிறார்கள் என்பவை இரண்டு வேறு கேள்விகள்.

ஐயரையே எதிர்த்த குரல்

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். கால்டுவெல் 1849-ல் ‘திருநெல்வேலிச் சாணார்கள்’ பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். இங்கிலாந்தில் ஆதரவு திரட்டும் நோக்கத்தில் எழுதியது, அதில் அந்த மக்களைப் பற்றி மட்டமான வர்ணனைகள் இருந்தன. அந்தச் சமூகத்தில் ஆங்கிலம் படித்த தலைமுறை ஒன்று எழுந்து வந்தபோது அந்தப் புத்தகம் அவர்கள் கையில் கிடைத்தது. 1880-களில் எதிர்ப்பு வலுத்தது. அதாவது கோயிலுக்குப் பிரதிஷ்டை ஆன கையோடு! கோயில் எழும்பிய அதே காலத்தில் எழும்பிய பள்ளிக்கூடங்கள்தான், ஐயர் எழுதியதைப் படித்துவிட்டு ஐயரிடமே கேள்வி கேட்கிற ஆட்களை உண்டாக்கின.

எதிர்த்தவர்களில் முக்கியமானவர் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம். சாயர்புரத்தில் படித்தவர். மிஷனரிகளோடு முரண்பட்டு, 1857-ல் நாசரேத் பக்கம் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர் கட்டுப்பாடு இல்லாத தனிச் சபையையே தொடங்கிவிட்டார். ஆராதனை நாள் சனிக்கிழமை. ஐரோப்பிய வழக்கங்கள் வேண்டாம், வேதத்தில் இருக்கிறதை நாங்களே படித்துச் செய்துகொள்கிறோம் என்பது அவர் நிலை. கிறிஸ்தவராக இருக்க ஐரோப்பியர் காட்டுகிற வழிதான் வேண்டுமா என்று, இடையன்குடியில் கோதிக் கோயில் வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, பக்கத்து ஊரில் ஒருவர் வாழ்ந்து காட்டிக் கேட்டுவிட்டார். நாம் இன்று புதிதாகக் கண்டுபிடித்துக் கேட்பதாக நினைக்கிற கேள்வி அது.

அப்போ, யார் கட்டியது?

கால்டுவெல் 1891 ஆகஸ்டில் கொடைக்கானலில் காலமானார். உடலை மலையிலிருந்து இறக்கி, இடையன்குடி வரை கொண்டுவந்து, அந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவருக்குச் சென்னை மெரினாவில் 1968 முதல் சிலை நிற்கிறது, இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு அரசின் நினைவில்லம். அவருக்கு உரியது அவருக்குக் கிடைத்துவிட்டது. குறையொன்றும் இல்லை.

மிச்சம் இருப்பது மற்றவர்களின் கணக்கு. காணிக்கைப் பெட்டியில் கருப்பட்டிக் காசு போட்டவர்கள், களிமண்ணைப் பார்த்துக் கல் செதுக்கியவர்கள், சுண்ணாம்பு இடித்தவர்கள், சாரம் கட்டியவர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் கூடத் தலைமைப் பெருந்தச்சன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இந்த 33 வருஷத்துத் தச்சர்களுக்கும் கொத்தனார்களுக்கும் அப்படி ஒரு பெயர் நம் பேச்சில் இல்லை. விக்டோரியா காலத்துக் கட்டடம் என்று ஒரு ராணியின் பெயரையும், கால்டுவெல் கோயில் என்று ஓர் அறிஞரின் பெயரையும் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். ‘இது வெள்ளைக்காரன் கட்டிய கோயில்’ என்று ஏளனமாகச் சொல்கிறவர்களும், ‘கால்டுவெல் கட்டிய கோயில்’ என்று பெருமையாகச் சொல்கிறவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். இரண்டு பேர் கணக்கிலும் அந்த ஜனங்கள் இல்லை.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: திருநெல்வேலியிலிருந்து திசையன்விளை போய், அங்கிருந்து இடையன்குடி பக்கம்தான். உவரிக்கடலும் தூரமில்லை. மெஞ்ஞானபுரத்துக்குத் திருச்செந்தூரிலிருந்து போவது வசதி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு போனால் நிதானமாகப் பார்க்கலாம், பேசவும் ஆள் இருக்கும். முதலில் வெளியே நின்று உதைசுவர்களைப் பாருங்கள், பாரம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தெரியும். அப்புறம் உள்ளே போய் வளைவின் உச்சிக்கல்லை அண்ணாந்து பாருங்கள். வயசான யாராவது பக்கத்தில் இருந்தால், ‘உங்க வீட்டில் இந்த வேலைக்கு வந்தவங்க யாராவது உண்டா?’ என்று கேட்டுப் பாருங்கள். பெயர் ஏதாவது கிடைத்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதை இனி நாம்தான் எழுதி வைக்கணும்.